காகிதப்பூ பூக்காமலிருக்க

— சார், சரியாச் சொல்லுங்க. பூக்கணுமா, பூக்கக் கூடாதா?

— கூடாதுண்ணே. காகிதப்பூச் செடி, ஆறு மாசம் முன்னாடி உங்க நர்சரியிலதான் வாங்கினோம். இப்ப நுனியில லேசா செவப்பு தட்டுது. எப்படியாவது நிறுத்தணும்.

— எங்க வச்சிருக்கீங்க?

— வாசல் தோட்டத்துல. நாள் பூரா சுள்ளுனு வெயில்.

— போச்சு. தண்ணி?

— வாரத்துக்கு ஒரு தடவை.

— அப்ப பூக்காம என்ன சார் பண்ணும்? வெயில்ல நிறுத்தித் தொண்டையைக் காயவிட்டா அது பூத்துக் கொட்டும். ஆமா, பூ மேல அப்படி என்ன கோவம்?

— கோவமில்லண்ணே. மாமனார் நட்டது.

— ஓஹோ. மாமனார் மேலயா?

— அவர் லாரி ஓட்டினவர். மாமியார் தவறின பிறகு தனியாவே இருந்தார். ஒரு மாசம் தங்கறேன்னு வந்து, இந்தச் செடியை நட்டுட்டு, 'முதல் பூவைப் பார்த்துட்டுக் கிளம்பறேன் மாப்பிள்ளை'ன்னார்.

— அப்ப சீக்கிரம் பூத்தா உங்களுக்கு நல்லதுதானே? மனுஷன் நடையைக் கட்டிடுவார்.

— அதனாலதான் பூக்கக் கூடாதுங்கறேன்.

— என்ன சார் சொல்றீங்க?

— என் சம்சாரம் நர்ஸ். பாதி நாள் சாயங்கால ஷிஃப்ட். முன்னெல்லாம் ஸ்கூல் விட்டு வந்தா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். இப்ப அவரோட கேரம். அழிச்சாட்டியம் பண்றார்ண்ணே, விழாத காயை விழுந்துச்சுங்கறார். நேத்து ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து சமைச்சோம்.

— இங்கேயே இருங்கன்னு வாயைத் தொறந்து சொல்லலாமே?

— ரோஷக்காரர். பரிதாபப்படறோம்னு நெனச்சு அன்னிக்கே பெட்டியைத் தூக்கிடுவார்.

— சரி, நுனியை நறுக்குங்க. தழைச்சத்து உரம் போடுங்க. தினமும் ஒரு வாளி தண்ணி ஊத்துங்க. இலையாத் தள்ளும், பூ வராது... இருங்க சார். உங்க மாமனார் நரைச்ச மீசை வச்சிருப்பாரா? பேசும்போது ஆக்ஸிலேட்டர் மிதிக்கிற மாதிரி காலை ஆட்டுவாரா?

— ஆமா. ஏன்?

— நேத்து வந்து இதையேதான் கேட்டார். ஏன்னு கேட்டதுக்கு உரம் என்ன விலைன்னு பேச்சை மாத்திட்டார். அவருக்கும் ஒரு வாளின்னு சொல்லி அனுப்பிட்டேன். தினம் ரெண்டு வாளின்னா வேர் அழுகிடும் சார். யார் ஊத்தறதுன்னு வீட்டுக்குப் போய் ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிக்குங்க.