உட்கார்ந்தே இருந்த மனுஷன்

— போன மாசம் நான் கேட்டப்ப, "நாள் பூரா உட்கார்ந்துதான் இருக்கேன்"னு சொன்னீங்களா இல்லையா ஷமிர்பெக் ஐயா?

— சொன்னேன் டாக்டரம்மா. சத்தியமா உட்கார்ந்துதான் இருந்தேன்.

— உட்கார்ந்திருக்கறவருக்கு எப்படி தினம் ரெண்டு மணி நேரம் நெஞ்சு நூத்தி இருபது அடிக்கும்? உள்ள வெச்ச பேஸ்மேக்கர் எல்லாத்தையும் பதிஞ்சு வெச்சிருக்கு, பாருங்க.

— எது மேல உட்கார்ந்தாருன்னு கேளுங்க டாக்டர்.

— நீ சும்மா இரு கிழவி.

— எது மேல?

— குதிரை மேல.

— கடவுளே! நான் நாற்காலின்னுல்ல நினைச்சேன்!

— பிஷ்கெக் பட்டணத்துல இருக்கறவங்க அப்படித்தான் நினைப்பீங்க. எங்க நாரின் மலைப்பக்கம் உட்கார்ந்திருக்கேன்னா குதிரை மேலதான்.

— நாற்காலின்னு நினைச்சுத்தான் பேஸ்மேக்கர்ல அசைவைப் பாக்கற சென்சாரைக் கூட்டி வெச்சேன். எழுந்து நாலு அடி நடந்தாலே துடிப்பை ஏத்திக் கொடுக்கட்டும்னு. குதிரை குலுக்குன குலுக்குல, நீங்கதான் ஓடறீங்கன்னு மெஷின் நினைச்சுக்கிச்சு.

— அப்போ ஓடுனது குதிரை, மூச்சு வாங்குனது எனக்கா?

— அதேதான். ஏற்கெனவே பலவீனமான இதயம். இப்படி அடிச்சா கால் வீங்காம என்ன செய்யும்?

— இவருக்குப் பூட்ஸே ஏற மாட்டேங்குது டாக்டர். கேட்டா, பூட்ஸ் சுருங்கிப் போச்சாம்!

— குதிரை வேணாம்னு மட்டும் சொல்லிடாதீங்கம்மா. மந்தைய மலை மேய்ச்சலுக்கு ஏத்தணும். நடந்து போனா பாதி வழியில படுத்துருவேன்.

— இருங்க, சென்சாரைக் குறைச்சு வெச்சுப் பாக்கறேன். ம்... குதிரைல போற மாதிரி ஆடுங்க.

— நாற்காலில எப்படிம்மா?

— அம்மா, நீங்க பின்னால நின்னு தோளைப் பிடிச்சுக் குலுக்குங்க.

— முப்பத்தஞ்சு வருஷமா இதுக்குத்தான் காத்திருந்தேன் டாக்டர்.

— ஐயோ, மெதுவா கிழவி! குதிரை கூட இந்தக் குலுக்கு குலுக்காது!

— எழுபத்தாறு. ஏறல, நல்லாருக்கு! சரி, வீக்கம் வடியட்டும், அப்புறம் மலைக்குப் போங்க. குதிரை மேல மெதுவா நடையிலதான் போகணும், ஓட விடக்கூடாது.

— நீங்க நல்லா இருக்கணும் தாயி.

— உட்காருங்க, இன்னொண்ணு இருக்கு. புதன்கிழமை காலைல பத்து மணி. உடம்பு துளிகூட அசையல, மெஷினும் ஏத்தல. இதயம் தானா நூத்தி முப்பதுக்குப் போயிருக்கு. அன்னிக்கு என்ன ஆச்சு?

— ஒண்ணும் ஆகல.

— ஐயா!

— அவரு சொல்ல மாட்டாரு டாக்டர். அன்னிக்குத்தான் கசாப்புக்காரன் கறிக்கு விலை பேச வந்து குதிரையோட பல்லைப் பிடிச்சுப் பாத்தான். வரச் சொன்னது நான்தான்.