யோகராஜா அண்ணையின்ர பிழை

இல்லை அக்கா, அண்ணை வெடிமருந்தை அளவுக்கு மிஞ்சிப் போட்டிருக்க மாட்டார். துவக்குச் சுடுற கிளப்காரர் சொல்லுறதை விடுங்கோ. அவையள் உடைஞ்ச துவக்கைப் பாத்திட்டுக் கதைக்கினம். நான் பதினொரு வருஷம் உங்கட வால்தம்ஸ்டோ வீட்டுக் கராஜுக்க அந்தாளுக்குப் பக்கத்தில இருந்து துவக்கு ரவை செய்தனான். ஒவ்வொரு ரவைக்கும் மருந்தை ரெண்டுதரம் நிறுப்பார். ஒரு குறுணி கூடினாலும் திருப்பிக் கொட்டிப்போட்டுத் திரும்ப நிறுப்பார். நீங்கள் கொண்டுவந்து வைச்ச ரீ ஆறி ஆடை பிடிச்சிருக்கும், எத்தினை நாள் திட்டினனீங்கள்?

இருங்கோ, அண்ணையின்ர கண் ஒப்பரேசன் முடிய இன்னும் ஒரு மணித்தியாலம் ஆகுமெண்டுதானே நர்ஸ் சொன்னவ. இல்லை, கோப்பி வேண்டாம்.

பிரைமரோ? ஓம், கிளப்பின்ர ரிப்போட்டில அதுதான் இருக்குது. பிரைமர் ஓட்டை விழுந்ததெண்டு. ரவையின்ர பின்பக்கம், நடுவில, பயறு அளவில ஒரு சின்னக் குப்பி இருக்கும். துவக்கின்ர ஊசி அதில குத்தினா நெருப்புப் பறக்கும். அந்த நெருப்பு மருந்தில பிடிச்சாத்தான் முன்னால இருக்கிற சன்னம் பாயும். ஆனா எல்லாப் பிரைமரும் ஒண்டில்லை அக்கா. மெக்னம் எண்டு ஒண்டு இருக்கு, சூடு கூடினது, பெரிய ரவையளுக்கெண்டு. பெட்டியில இருந்து வெளியில எடுத்து வைச்சா அதுவும் சாதாரணமானதும் ஒரே வெள்ளி நிறம், ஒரே அளவு. பாத்துச் சொல்ல ஏலாது. ஒண்டுக்குப் பதிலா மற்றதைப் போடுறதெண்டா மருந்தைக் குறைக்கவேணும். அண்ணை தன்ர சாதாரணப் பிரைமருக்கெண்டு அளந்து, எல்லைக்குக் கிட்டவே மருந்து போடுறவர். அதுக்கு மேல இடமில்லை.

கடையில தட்டுப்பாடு வந்த வருஷம் நான் மெக்னத்தை வாங்கி, மருந்தைக் குறைச்சுச் சமாளிச்சன். அண்ணை மாட்டனெண்டிட்டார். தன்ர பிரைமர் வருமட்டும் நாலு மாதம் சுடவே இல்லை. என்னண்ணை, மாப்பிளை பாக்கிற மாதிரிப் பாக்கிறியள் எண்டன். கௌசிக்கு மாப்பிளையே இவ்வளவு பாக்கேல்லையடா எண்டார்.

ஓம், உங்கட மகளைத்தான் சொல்லிச் சிரிச்சார்.

சனிக்கிழமை கிளப்பில சுடேக்க தூறல். கண்ணுக்குக் காப்பாப் போடுற கண்ணாடியில தண்ணி நிக்குதெண்டு கழட்டி வைச்சிட்டார். நான் அடுத்த பாயில படுத்துச் சுட்டுக்கொண்டிருந்தனான். ஆறாவது வெடி... சத்தம் வேற மாதிரி. திரும்பிப் பாத்தா முகத்தைப் பொத்திக்கொண்டு கிடக்கிறார். விரலுக்கால ரத்தம். வலது கண். அப்பவும் மனுசன் முதல் கேட்டது என்ன தெரியுமே? மற்ற ஆக்களுக்கு ஒண்டுமில்லையோடா எண்டு.

அம்புலன்ஸுக்க என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு, ஆரணன், என்ர கையில பிழை வந்திட்டுது, இனி நான் ஒருத்தருக்கும் பக்கத்தில படுத்துச் சுடக்கூடாது எண்டார். கிளப் குடுத்த பேப்பரில, என்ர கவலையீனம்தான் எண்டு கையெழுத்து வைக்கப்போறாராம். அது உங்கட பையிலதானே இருக்கு? தெரியும். நீங்களும் ரெண்டு நாளா அவருக்கு முகம் குடுத்துக் கதைக்கேல்லையாம். துவக்குக்குப் பயந்து ஓடிவந்த சனம், இஞ்ச வந்து துவக்கைத் தூக்கினா இப்பிடித்தான் எண்டு சொன்னீங்களாம். சொல்லி அழுதவர். ஒரு கண்ணால.

கோபிக்காதேங்கோ. கேளுங்கோ.

போன மாதம் ஒருநாள் கௌசி போன் எடுத்தவள், ஞாபகமோ? அண்ணை கதைக்கிறதுக்கு வீட்டுக்குள்ள போனவர். நான் தராசை இழுக்கேக்க முழங்கை பட்டு அவற்ற பிரைமர்த் தட்டுக் கவிண்டு போச்சு. நிலத்தில தவண்டு பொறுக்கினன். எண்ணிப் பாத்தா ஏழு குறையுது. தெரிஞ்சா மனுசன் முழுத் தட்டையும் கழிச்சுப்போட்டு, பின்னேரம் முழுக்க எனக்குப் பாடம் எடுக்கும். நாப்பத்தினாலு வயசில சின்னப்பிள்ளை மாதிரி நிண்டு பேச்சு வாங்கோணும். அந்த வெக்கத்தில... என்ர தட்டில இருந்து ஏழை எடுத்து அதுக்க வைச்சன். ஓம், மெக்னம், தட்டுப்பாட்டுக்குப் பிறகும் நான் அதைத்தான் பாவிக்கிறனான். ஏழில என்ன வரப்போகுதெண்டு நினைச்சன்.

உடனே சொல்லியிருக்கலாம். வாயும் திறந்தனான். அவர் கதவைத் திறந்துகொண்டு சிரிச்சுச் சிரிச்சு வாறார், டேய், நான் தாத்தாவாகப்போறன் எண்டு. கட்டிப் பிடிச்சவர். அதோட நான் சொல்லேல்லை. பிறகு ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லுவம் எண்டு...

எழும்பாதேங்கோ அக்கா. அடிக்கிறதெண்டா இருந்தே அடியுங்கோ.

காலமை கிளப்புக்கு எல்லாம் எழுதி அனுப்பிட்டன். என்ர துவக்கையும் லைசென்ஸையும் பொலிசில குடுத்திட்டுத்தான் இஞ்ச வந்தனான். அண்ணைக்கு மயக்கம் தெளிய நானே சொல்லுறன், நீங்கள் சொல்ல வேண்டாம். அந்தப் பேப்பரை மட்டும் அவரிட்டக் குடுத்திடாதேங்கோ.

மற்றது, தவறின ஏழும் கராஜுக்க உங்கட மீன் பிரீசருக்குக் கீழ கிடக்குது. கை எட்டேல்லை. அந்தப் பக்கம் கூட்ட வேண்டாம் அக்கா. நான் வந்து எடுக்கிறன். வீட்டுக்குள்ள விடுவீங்களெண்டா.