சாய்ந்து சுற்றும் கோள்

மாலை போட்டுக்கொள்வது எனக்குப் பிடிக்காது, இன்ஸ்பெக்டர் ஐயா. செவ்வந்தி கழுத்தில் அரிக்கும். ஆனால் நோர்வூட்டில் பாராட்டு விழா என்று முடிவானபின் மறுப்பது மரியாதையல்ல. சுவரொட்டியில் ‘மலையகத்தின் வானியல் மேதை’ என்று போட்டிருந்தார்கள். மேதை என்று போடச் சொன்னது நானல்ல. எழுத்துப்பிழை மட்டும் பார்த்துக் கொடுத்தேன்.

எல்லாம் ஒரு கோளால் வந்தது. தொலைதூர நட்சத்திரம் ஒன்றின் முன்னால் அது கடக்கும்போதெல்லாம் வெளிச்சம் குறையும். விண்வெளித் தொலைநோக்கி அளந்த அந்த வெளிச்சத்தை இணையத்தில் எடுத்து ஆராய்ந்தேன். நட்சத்திரம் சுழலும் திசைக்குக் குறுக்கே, கோள் சாய்ந்து சுற்றுகிறது என்று அறிவித்தேன். நேராகச் சுற்றும் கோளுக்கு யாரும் விழா எடுப்பதில்லை.

எங்கள் பள்ளிக்குப் புதிதாக வந்த விஞ்ஞான ஆசிரியை சுலக்ஷனா, ஆசிரியர் அறையில் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார்.

“சார், இந்த நட்சத்திரத்துல கரும்புள்ளி இருக்குங்க. கோள் அதை மறைக்கிறப்போ வெளிச்சம் லேசா ஏறுது. ஒவ்வொரு தடவையும் அதே புள்ளியத்தான், கொஞ்சம் தள்ளித் தள்ளி மறைக்குது. அப்ப நட்சத்திரம் சுத்துற பக்கமே கோளும் போகுது. சாயவே இல்லீங்க.”

“அது கருவியோட கோளாறும்மா. அதான் வரைபடத்துல அந்த மேட்டையெல்லாம் சீவிவிட்டேன்.”

“மேட்டைச் சீவ இது என்ன ரோடுங்களா சார்? விழாவுல நீங்களே சொல்லிடுங்க. இல்லாட்டி நான் எந்திரிச்சுக் கேக்க வேண்டி வரும்.”

பணிவாகத்தான் சொன்னார். வீட்டில் சரிபார்த்தேன். அவர் கணக்கில் பிழையே இல்லை. அதுதான் சிக்கல்.

விழாவுக்கு முந்தின நாள், தேயிலைத் தோட்டத்து மேல்பாதையில் மரமொன்றில் இருந்த கூட்டிலிருந்து குளவி கலைந்திருந்தது. கங்காணி கொழுந்தெடுப்பை நிறுத்தி, யாரும் போகாதபடி பாதையின் இரண்டு முனையிலும் சிவப்புத் துணி கட்டியிருந்தார். எளிதான முடிச்சுகள். விழாவன்று காலை அவிழ்த்துவிட்டு சுலக்ஷனாவுக்குப் போன் செய்தேன்.

“கீழ் ரோட்டுல மண்ணு சரிஞ்சிருக்கும்மா. மேல்பாதையில வாங்க. சேர்ந்தே போய் மேடையில உண்மையைச் சொல்லிடுவோம்.”

“ரொம்ப நன்றிங்க சார். நீங்க ஒத்துக்குவீங்கன்னு எனக்குத் தெரியும்.”

அவர் குரலில் இருந்த நிம்மதி எனக்கும் ஆறுதலாக இருந்தது.

குளவி கொட்டி ஒருவர் இறப்பது இங்கே பெரிய செய்தியல்ல. தோட்ட நிர்வாகத்தைத் திட்டுவார்கள், பிறகு வேலைக்குப் போவார்கள். விழாவை ஒரு வாரம் தள்ளிவைத்தார்கள். மேடையில் அவருக்காக மௌன அஞ்சலி செலுத்தச் சொன்னதும் நான்தான்.

நீங்கள் கேட்பதால் சொல்கிறேன். அவர் அந்த மரத்தடிக்கு வரும்வரை கூடு அமைதியாகத்தான் இருந்தது. மேட்டில் நின்று நான் எறிந்தது ஒரே ஒரு கல். கொட்டியது குளவிகள்.