தட்டில் காட்டிய குடல்வால்

புழுதிக் காற்று வீசும் மாதங்களில் எங்கள் கிளினிக் பலகையை நானேதான் துடைப்பேன். வேறு ஆளிடம் விட்டால் எழுத்தையும் சேர்த்துத் துடைத்துவிடுவான். குடலிறக்கம், மூலம், கட்டி, குடல்வால்: எங்கள் ஒட்டுக்போ ஊரில் ஒரு சாதாரண மனிதனுக்கு வரக்கூடிய அறுவைச் சிகிச்சை எல்லாம் அதில் உண்டு.

குடலிறக்கத்தை ஒழுங்காகவே செய்தேன், இன்ஸ்பெக்டர் ஐயா. விசாரித்துப் பாருங்கள். புடைத்தது அடங்கியதா என்று மறுநாளே வீட்டார் தொட்டுப் பார்த்துவிடுவார்கள். கட்டியும் அப்படித்தான். குடல்வால் வேறு சங்கதி, அது உள்ளே இருப்பது.

தொடக்கத்தில் நான் மாத்திரைதான் கொடுத்தேன். லாரி ஓட்டும் இனலேகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தான். வெறும் வாயு. அதைச் சொன்னேன். அவன் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மாத்திரை குடுக்கவா இம்மாம் பெரிய போர்டு? கத்தி புடிக்கத் தெரியாதுன்னா சொல்லிடுங்க டாக்டர், நாங்க வேற எடம் பாக்குறோம்."

பார்த்தார்கள். அடுத்த தெரு டாக்டர் அவனை அறுத்தார். இனலேகு சந்தையெல்லாம் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டிக்கொண்டு திரிந்தான். அந்த மாதம் என் வாசல் பெஞ்சில் கோழிதான் உட்கார்ந்திருந்தது. வயிற்றெரிச்சலாக இருந்தது, மறைப்பானேன்.

நல்ல உறுப்பை அறுத்து எடுப்பது பாவம். அந்தப் பாவத்தை நான் செய்யவில்லை. மயக்க ஊசி போட்டு, தோலை மட்டும் கீறி, அழகாகத் தைத்துவிடுவேன். உள்ளே கைவைக்கவே மாட்டேன். நோயாளிக்கும் திருப்தி, உறுப்புக்கும் சேதமில்லை.

ஆனால் எடுத்ததைக் கண்ணால் பார்க்காமல் எங்கள் ஊரில் எந்தக் குடும்பமும் நகராது. சிலர் புதைப்பதற்குக் கேட்டு வாங்கியும் போவார்கள். எதிரே மிளகு சூப் கடை. அங்கே ஆட்டுக்குடலில் விரல் நீளம் வாங்கி, உப்புப் போட்டுக் கழுவி, எனாமல் தட்டில் வைத்துக் காட்டுவேன். ஒருவருக்குக் காட்டியதை இன்னொருவருக்கு ஒருநாளும் காட்டியதில்லை. மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதல்லவா.

ஓயினே அப்படித்தான் வந்தாள். கல்லூரியில் சேரவிருந்த பெண். அம்மா கிழங்குச் சந்தையில் வள்ளிக்கிழங்கு மொத்த வியாபாரம். பரீட்சை பயத்தில் வயிறு பிசைந்தது, அவ்வளவுதான். அம்மா விடவில்லை. கீறினேன், தைத்தேன், தட்டை நீட்டினேன்.

"இத்தனூண்டா என் புள்ளைய இந்தப் பாடு படுத்துச்சு? சனியன்," என்று அதைத் திட்டினாள் அம்மா. ஓயினே சிரித்தாள், தையல் இழுக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு. நல்ல பெண்.

மழைக்காலத்தில் அவளுக்கு வலது பக்கம் வலி, வாந்தி, காய்ச்சல். நான் மைத்துனன் கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தேன். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்த இளம் டாக்டர் குடல்வாலாக இருக்கும் என்றுதான் சொல்லியிருக்கிறார். பிறகு தழும்பைப் பார்த்திருக்கிறார்.

"அது எப்பவோ எடுத்தாச்சு சார். நானே தட்டுல பாத்தேன்," என்று அம்மாவும் சொல்லியிருக்கிறாள்.

ஆகவே டைபாய்டு என்று வைத்தியம் பார்த்தார்கள். கடைசியில் திறந்தபோது குடல்வால் வெடித்து வயிறு முழுக்கச் சீழ். ஓயினே பிழைக்கவில்லை.

குடல்வால் உள்ளேயே இருந்தது என்று அவர்கள் சொன்னதை அம்மா நம்பவில்லை. தங்கள் தப்பை மறைக்கப் பொய் சொல்கிறார்கள் என்று ஆஸ்பத்திரி வாசலில் மண்ணை வாரித் தூற்றினாளாம். அடக்கத்துக்கு நான் போனேன். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க மட்டும் ஊர்ல இருந்திருந்தா எம் புள்ள பொழைச்சிருப்பா டாக்டர்."

எனக்கும் அழுகை வந்தது. அவள் சொன்னது நியாயம்தான். நான் இருந்திருந்தால் தொட்ட உடனே குடல்வால் என்று சொல்லியிருப்பேன். அது அவள் வயிற்றிலேயே இருக்கிறது என்று தெரிந்த ஒரே டாக்டர் நான்தானே.

எனவே, அன்றைக்கு ஊரில் இல்லாமல் போனது என் தவறு. எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. கையெழுத்துப் போடுகிறேன்.