மஞ்சள் கோட்டு

எல்லாரும் மஞ்சள் கோட்டைத் தேடி ஓடிக்கொண்டிருந்தபோது நான் எமெட்டுக்குத் திராட்சை ஊட்டிக்கொண்டிருந்தேன். நீளவாக்கில் நாலாக நறுக்கிய திராட்சை. முழுசாகக் கொடுத்தால் தொண்டையில் சிக்கும் என்று நீதான் சொன்னாய், மெக், எமெட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலையை என்னிடம் ஒப்படைத்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும்போது. ஒருநாளும் நான் அதை மறந்ததில்லை. குழந்தைகள் விஷயத்தில் நான் கவனமானவள். முதலில் இதை நீ நம்பவேண்டும்.

கோர்ட்னி குழாய்ச் சறுக்குக்குள் தலையை விட்டு "வில்லா, வில்லா" என்று கூப்பிட்டாள். குரல் உள்ளே போய்த் திரும்பி வந்தது. பிறகு, பூங்காவில் குழந்தை காணாமல் போனால் நம் ஊரில் எல்லாரும் செய்வதைச் செய்தாள். பெயரை விட்டுவிட்டு உடுப்பைச் சொல்லிக் கத்த ஆரம்பித்தாள்.

"மஞ்சக் கோட்டு. மூணு வயசுப் பொண்ணு, மஞ்ச மழைக்கோட்டு. யாராவது பாத்தீங்களா?"

அப்படிக் கத்தினால் முன்பின் தெரியாதவர்கள்கூடத் தேடுவார்கள். தேடினார்கள். ஊஞ்சல் பக்கம் நின்ற ஓர் அப்பா தன் கைக்குழந்தையை இடுக்கிக்கொண்டு கார்கள் நிற்கும் இடத்துக்கு ஓடினார். ஓடைப் பக்கமிருந்து யாரோ "மஞ்சளா எதுவும் இல்லீங்க" என்று பதில் குரல் கொடுத்தார்கள்.

"மஞ்ச" என்றான் எமெட். "என் மஞ்ச."

நான் இன்னொரு துண்டை அவன் வாயில் வைத்தேன். அவன் மெல்லும்வரை காத்திருந்து அடுத்ததை வைத்தேன். கோட்டு எமெட்டின் ஸ்ட்ரோலர் வண்டியின் கீழ்க்கூடையில், டயாப்பர் பைக்கு அடியில் இருந்தது.

கோர்ட்னியை உனக்குத் தெரியும். பெரிய காபிக் குவளையோடு நடு பெஞ்சில் உட்காருவாளே, அவள்தான். போன மாதம் நம் ஏரியா குரூப்பில் என் படத்தைப் போட்டாள். பின்னாலிருந்து எடுத்தது. என் கையில் போன், பக்கத்தில் எமெட் தரையில் கிடந்த மரச்சில்லை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். 'இது யார் வீட்டு பேபிசிட்டர்? அம்மாக்களே, உஷார்.' எமெட் தூங்கி எழுந்துவிட்டான் என்று அவன் அம்மா ரெய்னாவுக்குத்தான் நான் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். அதை யார் கேட்டார்கள்? கீழே எல்லாரும் சிரித்திருந்தார்கள். என் வகுப்புப் பெண்கள்வரை அது போனது.

ரெய்னா என்னைத் திட்டவில்லை. "எனக்கு உன்மேல நம்பிக்கை இருக்கு, ஹாலி. ஆனா இன்னொரு தடவ இப்படி வந்துச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள்.

அதிலிருந்து நான் பூங்காவுக்குள் நுழைந்தாலே கோர்ட்னி பக்கத்துப் பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி சொல்வாள். "போன் பொண்ணு வந்தாச்சுடி. என்ன கண்ணு, சார்ஜ் போட்டு எடுத்துட்டு வந்தியா?"

அவளும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் யாரோ அதைக் கேட்டதற்கு வில்லாவின் கோட்டைக் காட்டிச் சிரித்தாள். "இந்தக் கலர எதுக்கு வாங்கினேன்னு நெனச்சே? தலையத் தூக்கினாப் போதும், புள்ள எங்கேன்னு தெரிஞ்சிடும்."

அதாவது அவள் பிள்ளையைப் பார்ப்பதில்லை. கோட்டைப் பார்க்கிறாள். அதை அவளுக்கே காட்டவேண்டும் என்று மட்டும்தான் நான் நினைத்தேன். இதில் கெட்டது எதுவும் இல்லை என்றுதான் இப்போதும் தோன்றுகிறது.

இன்றைக்கு மணல்தொட்டியில் வில்லா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவை ஏமாற்றலாமா என்று கேட்டேன். அவளுக்கு ஒரே சந்தோஷம்.

"எப்படி ஏமாத்தறது?"

"உன் கோட்ட எமெட்டுக்குப் போட்டுடலாம். அவன் நீயாம்."

"அப்ப நான் யாரு?"

"நீ யாரும் இல்ல. உன்ன யாருக்கும் தெரியாது."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உள்ளே சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்டிருந்தாள். எமெட் வயதுக்கு மீறிய வளர்த்தி. தொப்பியை இழுத்துவிட்டால் பின்னாலிருந்து யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அவன் சறுக்கு மரத்தின் ஏணியில் ஏறும்போது கோர்ட்னி தலையைத் தூக்கிப் பார்த்துக் கையாட்டினாள். "சூப்பர்டா செல்லம். இன்னொரு தடவ ஏறு."

மறுபடி போனுக்குள் குனிந்துகொண்டாள். அவன் இன்னொரு தடவை ஏறினான். அவள் இன்னொரு தடவை கையாட்டினாள். எனக்கு அப்போதே போதுமென்று இருந்திருக்க வேண்டும். ஆனால் அதை என்னைத் தவிர யார் பார்த்தார்கள்? அதனால் எமெட்டைப் பிள்ளைகள் விளையாடும் குட்டி வீட்டுக்குள் அழைத்துப் போய்க் கோட்டைக் கழற்றினேன். அவனுக்கு வியர்த்திருந்தது, எப்படியும் கழற்றத்தான் வேண்டும். ஸ்ட்ரோலரில் வைத்துக் கட்டிவிட்டுத் திராட்சை டப்பாவைத் திறந்தேன்.

கோர்ட்னி தலையைத் தூக்கியபோது எங்கேயும் மஞ்சள் இல்லை.

அவள் முகம் எப்படி மாறியது என்று உனக்குச் சொன்னால் நீ என்னைத் தப்பாக நினைப்பாய். நான் ரசித்தேன் என்று சொல்லவில்லை. பார்த்தேன். அவள் என்னிடமும் ஓடி வந்தாள். "ஹாலி, வில்லாவப் பாத்தியா? மஞ்சக் கோட்டு, உனக்குத் தெரியுமே." என் பேர் அவளுக்குத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இல்லீங்களே" என்றேன். "எப்பவும் நீங்க பாத்துக்கிட்டே இருப்பீங்களே."

அப்போதே சாம்பல் ஸ்வெட்டர் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். படம் போடுவார்கள். ரெய்னா என்னை நிறுத்திவிடுவாள். இன்னும் கொஞ்சம் போகட்டும், அவளே வந்துவிடுவாள் என்று இருந்தேன். டப்பா காலியாகும்வரை வில்லா வரவில்லை.

பிறகு நானும் ஓடினேன். திரும்பி வந்திருந்த ஊஞ்சல்காரரிடம் எமெட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நேராக ஓடைக்கு ஓடினேன். மற்றவர்கள் மஞ்சளைத் தேடினார்கள், நான் வில்லாவைத் தேடினேன். மரப்பாலத்துக்குக் கீழே, உதிர்ந்த இலைகளெல்லாம் ஒதுங்கும் இடத்தில், ஈரமான சாம்பல் நிறத்தில் அவள் இருந்தாள். முகம் தண்ணீருக்குள் இருந்தது. நான்தான் தூக்கினேன். நான்தான் கத்தினேன். தண்ணீர் அவ்வளவு குளிர்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது.

ஆம்புலன்ஸ் போன பிறகு சைக்கிளோடு ஒரு கிழவர் நடைபாதையிலேயே உட்கார்ந்து அழுதார். "இந்தப் புள்ள பாலத்துமேல நின்னத நான் பாத்தேன். வாத்துக்குக் கையாட்டிக்கிட்டு இருந்துச்சு. அவங்க மஞ்சக் கோட்டுன்னாங்க. அதான் இது இல்லன்னு வந்துட்டேன்." நான் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். உங்கள் தப்பு இல்லை என்றேன். அது உண்மைதானே?

போலீஸ் பூங்காவின் வேலிக் கதவைப் பற்றிக் கேட்டார்கள். அங்கே வருகிறவர்கள் உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் "கதவு" என்று குரல் கொடுப்பார்களே, பக்கத்தில் இருப்பவர் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு "போட்டாச்சு" என்பாரே, அந்த வழக்கத்தைப் பற்றி. ஊஞ்சல்காரர் எனக்காகச் சாட்சி சொன்னார். "சத்தம் கேட்டு நான் கதவுன்னேன். இந்தப் பொண்ணு போட்டாச்சுன்னு சொல்லுச்சு. நல்லா ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் வேற யாரோதான் திறந்து விட்டிருக்கணும்."

இப்போது வீட்டில் எல்லாரும் தூங்குகிறார்கள். உன்னிடம் மட்டும் சொல்கிறேன். வேறு யாரும் திறக்கவில்லை. எமெட் சறுக்கு மரத்தில் இருந்தபோது வில்லா வேலிக்கு அருகில் நின்று வாத்து பார்க்கவேண்டும் என்றாள். தாழ்ப்பாள் அவளுக்கு எட்டாது. நான் தூக்கினேன். தூக்கினேன், அவ்வளவுதான். கதவைத் தள்ளியது அவள். அவள் போன பிறகு நான் பழையபடி தாழ்ப்பாளைப் போட்டேன். அதனால் போட்டாச்சு என்று சொன்னதும் பொய் இல்லை.

கோர்ட்னி ஆஸ்பத்திரியிலிருந்து குரூப்பில் எழுதியிருக்கிறாள். 'என் மகளைத் தண்ணீரிலிருந்து தூக்கிய பெண் ஹாலி. அவளைப் பற்றி நான் போட்டது அநியாயம். அவள் எங்கள் தேவதை.' ஊரே கீழே இதயம் போட்டிருக்கிறது. ரெய்னாவும் போட்டிருக்கிறாள். என் வகுப்புப் பெண்களும்தான். நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதற்காக என்னைக் குறை சொல்லாதே.

கொஞ்சம் முன்னால் எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினாள். வில்லா மூச்சு விடுகிறாளாம், மிஷின் உதவியோடு. இன்னும் கண் திறக்கவில்லை. முழித்தால் பயப்படாமல் இருக்கக் கோட்டைப் பக்கத்தில் வைக்கவேண்டுமாம். 'எங்கயும் கிடைக்கல ஹாலி. அவளே எப்படிக் கழட்டினான்னு தெரியல. காலைல என்கூட வந்து ஓடைல தேடுவியா?'

வருகிறேன் என்று பதில் போட்டுவிட்டேன். கோட்டு என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, ஒரு சொட்டு ஈரம்கூடப் படாமல். குளியலறையில் நனைத்து எடுத்துக்கொண்டு போனால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும். அதையும் நான்தான் கண்டுபிடித்தேன் என்று ஆகும்.

ஆனால் வில்லாவுக்கு மூன்று வயதுக்கு நன்றாகவே பேச வரும்.

குரூப்பில் எல்லாரும் அவள் கண் திறக்கவேண்டும் என்று கடவுளைக் கேட்கிறார்கள். நானும் கட்டிலருகே முழங்கால் போட்டேன். கைகளைக் கோத்து, கண்ணை மூடி, ரொம்ப நேரம் மனசார வேண்டிக்கொண்டேன். எழுந்த பிறகுதான் பயம் வந்தது, மெக். நான் எதைக் கேட்டேன்?