‘நிறுத்துங்கோ!’ என்ற குரலுக்கு, கொட்டியாரக் குடாச் சுடுநர்களின் வணக்கம்

விதி வழுவா விழிப்பின் வடிவே! துவக்கேந்திய கைகளைத் தூய ஒழுங்கில் நிறுத்திய தலைமைச் சுடுகள அலுவலரே! குறிஞ்சாக்கேணி தந்த குணக்குன்றே! எங்கள் அன்புக்கும் அச்சத்துக்கும் ஒருசேர உரிய ஆசிரியை சித்தி பரீதா அவர்களே!

கொட்டியாரக் குடா கைத்துப்பாக்கிச் சுடுநர் கழகத்தின் கண்ணாக நின்று காத்த நீங்கள் கடமை நிறைந்து விடைபெறும் இந்நாளில், களத்தில் உங்களோடு நின்ற நாங்கள் கைகூப்பி வாசித்தளிக்கும் மடல் இது. வெறும் புகழ்ச்சியை அடுக்கினால் நீங்கள் முகம் சுளிப்பீர்கள் என்பதை அறிவோம். “நடந்ததைச் சொல்லுங்கோ, நினைச்சதைச் சொல்லாதேங்கோ” என்று புள்ளி பதிபவர்களுக்குப் படிப்பித்தவர் நீங்கள். ஆகவே, அம்மணி, நடந்ததையே சொல்கிறோம்.

கட்டைபறிச்சானுக்கு அப்பால், கல்லுடைத்துக் கைவிடப்பட்ட பள்ளத்தில் இக்கழகம் தொடங்கிய காலத்தில், எங்களிடம் அனுமதி இருந்தது, ஆர்வம் இருந்தது, அணைக்கட்டாய் உயர்ந்த மண்மேடும் இருந்தது. ஆனால் போட்டியை நடத்தப் பயின்ற அலுவலர் ஒருவரும் இல்லை. சுட வந்தவர்கள் எல்லோரும் சுடவே விரும்பினார்கள்; பார்த்து நிற்க எவரும் விரும்பவில்லை. அப்போதுதான் உங்கள் கணவர் நௌபர் எழுந்து சொன்னார்:

“எங்கட வீட்டில ஒராள் இருக்கிறா. வலைப்பந்து மத்தியஸ்தர். அவ விசில் ஊதினா மைதானத்தில நாயும் நிண்டிடும். நான் கேட்டுப் பாக்கிறன்.”

எல்லோரும் சிரித்தோம். அடுத்த கிழமை நீங்கள் வந்தீர்கள். வந்தவுடன் துவக்கைக் கேட்கவில்லை, விதிநூலைக் கேட்டீர்கள். அதை வரி வரியாய்க் கற்று, கொழும்பு சென்று பரீட்சையில் தேறி, நேரங் கணிக்கும் கருவியைக் கையில் ஏந்தித் திரும்பினீர்கள்.

சுடுகள அலுவலரின் பணி என்னவென்று இந்த அவையில் அறியாதோரும் இருப்பர். போட்டியில் சுடுபவர் குறியைப் பார்ப்பார். பார்வையாளர் குறியில் விழும் துளையைப் பார்ப்பார். அலுவலர் ஒருவரே துவக்கையும் அதன்மேல் இருக்கும் விரலையும் பார்ப்பார். சுடுபவரின் கைக்கெட்டும் தூரத்தில் அவரோடு நடந்து, அவரோடு ஓடி, ரவை நிரப்பச் சொல்லும் முதற் கட்டளையிலிருந்து ‘களம் பாதுகாப்பானது’ என்னும் கடைசிக் கட்டளை வரை கண்ணிமைக்காது காப்பார். நன்றாக நடந்த போட்டியில் அவர் பெயர் எவர் நினைவிலும் நிற்காது. அப்படி நினைவில் நில்லாமற் போவதையே பெருமையாகக் கொண்ட பெருமாட்டியே!

விதிநூலில் இல்லாத விதியொன்றையும் நீங்கள் எங்களுக்கு ஆக்கித் தந்தீர்கள். வெடிச்சத்தம் கேட்டால் விளக்கணைத்துக் கதவடைத்த நாட்களை இந்தக் கரை இன்னும் மறக்கவில்லை. அதனால் ஒவ்வொரு போட்டிக்கும் முன்பு, சுற்றியுள்ள வீடுகளின் படலை வாசல் தோறும் நீங்களே சென்று தொடங்கும் நேரத்தைச் சொல்லி வந்தீர்கள். சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து அங்கே குடியேறிய பாக்கியரத்தினம் அம்மா ஒருநாள் உங்களை மறித்தார்.

“தொடங்கிற நேரம் சொல்லுறியள், பிள்ளை. முடியிற நேரத்தையும் சொல்லுங்கோவன். எப்ப முடியும் எண்டு தெரிஞ்சா மனம் கொஞ்சம் ஆறும்.”

அன்றிலிருந்து முடியும் நேரமும் சொல்லப்பட்டது. சொன்ன நேரம் வந்தால், சுடக் காத்து நிற்பவர் எவராயினும், களம் மூடப்பட்டது. பொலிஸ் அணித் தலைவரொருவர் முணுமுணுத்தபோது நீங்கள் சொன்ன விடை: “உங்களுக்கு நாளைக்கும் சுடலாம். அந்த அம்மாவுக்குச் சொன்ன நேரம் இண்டைக்குத்தான்.”

இனி, இம்மடல் எழுதப்பட்டதற்கே காரணமான அந்நாளைப் பேசுவோம்.

கிழக்குப் பிராந்தியத் தெரிவுப் போட்டி முதன்முறையாக எங்கள் களத்தில் நடந்தது. வெல்லும் அணி தேசியப் போட்டிக்குச் செல்லும். எங்கள் அணியில் நால்வர். அவர்களில் முதல்வர் எங்கள் கழகத் தலைவர் தவராசா ஐயா: மூதூரில் இரும்புக்கடை வைத்திருப்பவர், இந்தப் பள்ளத்தைச் சொந்த உழவு இயந்திரத்தால் சமன்செய்தவர், தோள்வலி முற்றுமுன் ஒருமுறையேனும் தேசியக் களத்தில் நிற்க வேண்டுமென்று ஆண்டாண்டாய் ஆசைப்பட்டவர். அணியில் இன்னொருவர் உங்கள் கணவர் நௌபர். மதியத்துக்கு முன்னமே எங்கள் அணி முன்னணியில் நின்றது. தவராசா ஐயாவின் மனைவியும் மக்களும் கூடாரத்தில் அமர்ந்து கைதட்டிக் கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் கட்டத்தில் தவராசா ஐயா சுடத் தொடங்கினார். வலக் கோடியில் இருந்த குறிகளை வீழ்த்திவிட்டு இடக் கோடிக்கு ஓடினார். ஓடும்போதே துவக்கிலிருந்து ரவை தீர்ந்த மகசினை உதறிப் புதியதைச் செருகினார். அந்த ஒரு கணத்தில், மண்மேட்டை நோக்கியே இருக்க வேண்டிய குழல்வாய், எல்லை கடந்து பின்பக்கம் திரும்பியது. அந்தத் திசையில் நின்றவர் புள்ளி பதியும் நிப்லா. அவர் குனிந்து எழுதிக் கொண்டிருந்ததால் ஒன்றும் அறியார். கூடாரத்தில் இருந்தோர் குறிகளைப் பார்த்திருந்தனர், அவர்களும் அறியார்.

“நிறுத்துங்கோ!”

உங்கள் குரல் பள்ளத்தில் மோதி எதிரொலித்தது. தவராசா ஐயா நின்றார். துவக்கை வெறுமையாக்கிக் காட்டச் செய்து, உறையில் இடச் செய்து, களம் பாதுகாப்பானது என்று அறிவித்த பின்பே நீங்கள் அடுத்ததைச் சொன்னீர்கள்.

“தலைவர், துவக்கு எல்லை தாண்டித் திரும்பினது. நீங்கள் போட்டியில இருந்து நீக்கப்படுறியள்.”

“என்ன கதை இது, டீச்சர்? நான் திருப்பேல்லை!”

“உங்களுக்குத் தெரிஞ்சிராது. ஓட்டத்தில ஒருத்தருக்கும் தெரியாது. நான் கண்டனான்.”

அவர் முகம் சிவந்தது. இடுப்புப் பட்டியைக் கழற்றி மேசையில் எறிந்துவிட்டு முறையீடு செய்தார். முறையீட்டுக் குழுவின் தலைவராக மட்டக்களப்பிலிருந்து வந்திருந்தவர் ஸெய்னுதீன் அவர்கள். நல்ல மனிதர், எவருக்கும் வருத்தம் வரக்கூடாது என்று நினைப்பவர். அவர் உங்களை வேப்பமர நிழலுக்கு அழைத்துப் பேசினார். தேநீர் பரிமாறிக்கொண்டு அருகில் நின்ற எங்களிற் சிலர் அதைக் கேட்டோம்.

“தங்கச்சி, அலுவலர் கண்டதெண்டு சொன்னா அதைப் பிழை எண்டு சொல்ல எங்களுக்கு அதிகாரம் இல்லை. விதி அப்பிடி. ஆனா உங்களுக்கே கொஞ்சம் சந்தேகம் எண்டு சொன்னா, அந்த மனிசன் திரும்பவும் சுடலாம். உங்கட அணியும் தேசியப் போட்டிக்குப் போகும். ஒரு சொல்லுத்தானே.”

எத்தகைய கணம் அது! துவக்கு திரும்பியதை எந்த ஒளிப்படக் கருவியும் பதியவில்லை. எந்தச் சாட்சியும் இல்லை. சந்தேகம் என்று நீங்கள் சொல்லியிருந்தால் இந்த உலகில் ஒருவரும் உங்களைக் குறை சொல்லியிரார். தலைவர் மகிழ்ந்திருப்பார், கணவர் களித்திருப்பார், கழகம் கொண்டாடியிருக்கும். நீங்கள் முந்தானையால் முகத்து வியர்வையைத் துடைத்தீர்கள். அண்ணன் முறை சொல்லி ‘நானா’ என்றழைத்தே அவருக்கு விடை சொன்னீர்கள்.

“சந்தேகம் இருந்தா நான் நிறுத்தியிருக்க மாட்டன், நானா. எனக்குச் சந்தேகம் இல்லை.”

தீர்ப்பு நிலைத்தது. மூவராய்க் குறைந்த எங்கள் அணி தேசியப் போட்டி வாய்ப்பை இழந்தது. தவராசா ஐயா மனைவி மக்களை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார். நீங்களோ மீதி இருந்த சுடுநர்களை ஒவ்வொருவராய் அழைத்து, அதே குரலில் அதே கட்டளைகளைச் சொல்லி, அறிவித்த நேரத்துக்குள் போட்டியை முடித்து வைத்தீர்கள். வீடு திரும்பும் வழியில் நௌபர் உங்களிடம் கேட்டதை அவரே எங்களுக்குச் சொன்னார்.

“நாளைக்கு ஊர் என்ன சொல்லும் எண்டு யோசிச்சியா?”

“நாளைக்கு நிப்லா தன்ர வீட்டில பிள்ளையளோட இருப்பா. எனக்கு அது போதும்.”

ஊர் சொல்லத்தான் செய்தது. எங்கள் நாவுகளுக்கு நாணம் வரவேண்டிய கதை அது. ‘முஸ்லிம் பெண் தமிழரை வேண்டுமென்றே நீக்கினாள்’ என்று ஒரு பக்கமும், ‘எங்கள் பெண்ணைத் தமிழர் அவமதிக்கப் போகிறார்கள்’ என்று மறுபக்கமும் கதை பரவியது. உங்களைப் பதவி நீக்கக் கோரிச் சிலர் பொதுக்கூட்டம் கூட்டினார்கள். தவராசா ஐயா அதற்கு வருவார் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. வந்தார், வாசலில் நின்றபடியே பேசினார்.

“எனக்கு டீச்சரோட கோவம் இருக்கு. இன்னும் ஆறேல்லை. அது என்ர கோவம். அதுக்குள்ள சமயத்தைக் கொண்டு வாறவன் எவனும் எனக்காகக் கதைக்கத் தேவையில்லை. அவ துவக்கைப் பாத்தவ. என்ர பேரைப் பாக்கேல்லை. எழுதுங்கோ, அவவை நீக்கிறதுக்குத் தலைவர் எதிர்ப்பு எண்டு.”

சொல்லிவிட்டுப் போய்விட்டார். கூட்டம் கலைந்தது. ஆனாலும் அவர் உங்களோடு கதைக்கவில்லை. நீங்களும் அவரைத் தேடிப் போய்ச் சமாதானம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருந்தது? பிழையெனில் மன்னிப்புக் கேட்கலாம். சரியானதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது? களத்துக்கு வருவோர் பாதியாய்க் குறைந்த அந்தக் காலத்தில், இருவர் வந்தாலும் இருபது பேர் வந்ததைப் போல் கட்டளை சொல்லிப் பயிற்சியை நடத்திய உங்கள் உறுதியை என்னென்போம்!

மறுவருடப் போட்டிக்குப் பெயர் பதியும் நாளில் தவராசா ஐயா வந்தார். எந்த அலுவலரின் வரிசையில் சுட விருப்பம் என்று, பெயர் பதிந்துகொண்டிருந்த பிரகலாதன் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“டீச்சரின்ர வரிசையிலயே போடும். என்ர பிழையைக் காணுற ஆளுக்குப் பக்கத்தில நிண்டாத்தான் எனக்கு நிம்மதி.”

அன்று அவர் வெல்லவில்லை, தோள் ஒத்துழைக்கவில்லை. மூன்றாம் கட்டத்தில் இடப்பக்கம் ஓடும்போது வேகத்தைக் குறைத்துத் துவக்கை மேட்டை நோக்கியே பிடித்து ஓடினார். களம் பாதுகாப்பானது என்று நீங்கள் அறிவித்ததும் அவர் திரும்பி, “சரிதானே, டீச்சர்?” என்றார். “ஓம், தலைவர். வடிவா இருந்தது” என்றீர்கள். நிப்லா புள்ளித் தாளால் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதார்.

நீங்கள் விடைபெறும் விதமும் உங்களைப் போலவே இருந்தது. இவ்வருடச் சித்திரைப் போட்டியில், சுடுநர் சஜீத்தின் கால் எல்லைக் கோட்டைத் தாண்டியதா என்று புள்ளி பதிபவர் கேட்டார். நீங்கள், “எனக்குத் தெரியேல்லை” என்றீர்கள். விதிப்படி ஐயத்தின் பயன் சஜீத்துக்குக் கிடைத்தது. அந்த வரிசை முடிந்ததும் நேரங் கணிக்கும் கருவியை இளைய அலுவலர் கீர்த்தனியின் கையில் கொடுத்து, “இனி நான் நிக்கக்கூடாது” என்றீர்கள். ஒரு கண்ணில் புரை, அதை எடுக்கலாம். மற்றக் கண்ணின் நரம்பு நலிந்தது, அது மீளாது என்று வைத்தியர் சொன்னதை அதன் பின்பே எங்களுக்குச் சொன்னீர்கள். கௌரவ அலுவலராகக் கதிரையில் அமர்ந்திருந்தால் போதும் என்று கெஞ்சினோம். “கதிரையில இருந்து துவக்கைப் பாக்க ஏலாது” என்று மறுத்துவிட்டீர்கள்.

அஞ்சா நெஞ்சின் அரசியே! ஆசிரியத் தாயே! உங்களுக்கு நாங்கள் அளிக்கும் பரிசு பொன்னாடையன்று, ஓர் உறுதிமொழி. எங்களில் எவர் துவக்கேந்தினாலும், அவர் தலைவராயினும் உறவினராயினும், எல்லை மீறும் கணத்தில் அவரை நிறுத்தும் குரல் இக்களத்தில் ஒலிக்கும். அதனால் நாங்கள் தோற்றால் தோற்போம். வருகின்ற போட்டிக்கு நேரம் சொல்லக் கீர்த்தனி ஏற்கெனவே படலைகளுக்குப் போய் வந்துவிட்டார்.

எல்லாம் வல்ல இறைவன் உங்களுக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த சுகமும் தெளிந்த பார்வையும் அருள்வானாக! நௌபரோடும் பேரப்பிள்ளைகளோடும் பெருமகிழ்வோடு வாழ்வீர்களாக!

இறுதியாக, ஒரு பணிவான அறிவித்தல். வரும் செவ்வாய்க்கிழமை உங்கள் கண் சத்திரசிகிச்சைக்காகத் திருகோணமலைக்கு உங்களை அழைத்துச் செல்லத் தவராசா ஐயா தம் வாகனத்தோடு விடியமுன் உங்கள் வாசலில் நிற்பார். பஸ்ஸில் போகிறேன் என்று நீங்கள் சொல்வீர்கள் என்பது அவருக்குத் தெரியும். அந்த முறையீடு ஏற்றுக்கொள்ளப்படமாட்டாது.

இங்ஙனம்,
உங்கள் குரலுக்குக் கீழ்ப்படிந்து பழகிய
சுடுகள அலுவலர்கள், புள்ளிப் பதிவாளர்கள், சுடுநர்கள்
கொட்டியாரக் குடா கைத்துப்பாக்கிச் சுடுநர் கழகம்
கட்டைபறிச்சான்