ரோமாபுரிப் பயணம்

"ரோமாபுரிக்குக் கொண்டு போற அளவுக்கு எனக்கு அப்பிடி என்ன சீக்கு மக்ளே?"

அறை மாறுவதற்காகப் பெட்டியோடு துபாய் கராமாவில் பஸ் ஏறியிருந்தேன். முன் இருக்கையில் நர்ஸ் உடுப்பில் ஒரு பெண். பக்கத்தில், அவளைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருந்த அப்பா. வலை இழுத்துக் காய்த்த கைகள்.

"ஒரு சீக்கும் இல்லப்பா. கிறிஸ்மசுக்கு லீவு கெடச்சிருக்கு, அவ்வளவுதான்."

"ஒனக்க அம்மையையும் இப்பிடித்தான், டாக்டர் கைவிட்ட பொறவு வேளாங்கண்ணிக்குக் கொண்டு போனோம்."

"ஸ்கேன்ல ஒண்ணும் இல்லன்னு சொன்னேன்லா?"

"நீதான் சொன்ன. டாக்டர் சொல்லல்ல."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பெரியவர் அவள் தோளைத் தொட்டார்.

"செரி. வள்ளத்துக்குப் புது இன்ஜின் கேட்டா, இந்த வயசுல கடலுக்குப் போவாண்டாம்னு எப்பவும் சண்டை போடுவியே. இப்பவும் கேக்கேன். வாங்கித் தருவியா?"

"வாங்கித் தாறேன்ப்பா" என்றாள் உடனே.

பெரியவர் இருக்கையில் மெல்லச் சாய்ந்தார்.

"அப்ப கிறிஸ்மசு வரைக்கும் காத்திருக்காண்டாம் மக்ளே. முன்னாலயே போயிருவோம்."